கடன் தீரும் முன்னே பொருள் தீரலாமா?
பழைய ரேடியோ பெட்டி நமக்குச் சொல்லும் பாடம்



போன மாதம் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்தது, தவணை வசூல் முடிந்தது. உள்கடன் கேட்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்று ஊக்குநர் சொன்னார். ஒரு சகோதரி தயங்கித் தயங்கி எழுந்தார். "புது போன் வாங்கணும், பன்னிரண்டாயிரம் வேணும்" என்றார். கணக்குப் புத்தகத்தைப் புரட்டிய பிரதிநிதி, "அக்கா, போன வருஷம் போன் வாங்க எடுத்த கடன்லயே இன்னும் மூணு தவணை நிக்குதே!" என்றார்.

"போன் நின்னு போச்சும்மா. தவணைதான் நிக்கல" என்றார் அந்த சகோதரி. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கினதும் யாருக்கும் பேச்சு வரவில்லை. ஏனென்றால் இது அவர் ஒருவர் கதை இல்லை. போனோ, புளூடூத் ஸ்பீக்கரோ, காதில் மாட்டும் இயர்போனோ, கடன் தீரும் முன்னே தீர்ந்துபோன பொருள் அங்கே அநேகமாக எல்லார் வீட்டிலும் இருந்தது.

அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர் சுவர்ப் பலகையைக் காட்டினார். கூட்டம் நடந்தது அவர் வீட்டில்தான். தறிக்குழிக்கு மேலே, ஜக்கார்டு பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு மரப்பெட்டி ரேடியோ உட்கார்ந்திருந்தது. "இது என் மாமனார் வாங்கினது. அத்தி வரதர் வந்த வருஷம். போன தடவை இல்ல, அதுக்கு முந்தின தடவை" என்றார்.

அன்றைக்கு அந்த ரேடியோவைப் பற்றிப் பேசியதைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறோம்.

அத்தி வரதர் கணக்கு

வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்தி வரதர் 40 வருஷத்துக்கு ஒரு முறை வெளியே வருவது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். 1939, 1979, 2019. கடைசியாக 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் வைபவம் நடந்தது. அடுத்தது 2059.

அந்த மர்பி ரேடியோ 1979-ல் வாங்கியபோதே பழையது. யாரோ வைத்திருந்து விற்ற வால்வு பெட்டி. 2019-ல் கூட்டம் தெருவை நிறைத்தபோது, அந்த அம்மா இதே பெட்டியில்தான் காலைச் செய்தி கேட்டிருக்கிறார். அதாவது ஒரு அத்தி வரதருக்கும் அடுத்த அத்தி வரதருக்கும் நடுவில் ஒரே ரேடியோ.

நாம் 2019-ல் வைத்திருந்த போன் இப்போது எங்கே? 2059 வரை மூன்று வருஷத்துக்கு ஒரு போன் என்று வைத்தாலும் 13 போன் ஆகிறது. ஒன்று 12,000 ரூபாய் என்றால் 1,56,000 ரூபாய். வட்டி தனி.

அந்தப் பெட்டி ஏன் உழைத்தது?

"அந்தக் காலத்துப் பொருள், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் காரணம் தெரிந்தால்தான் நமக்குப் பயன்.

பின்பக்க அட்டையைப் பாருங்கள். நாலைந்து திருகாணிதான். திருப்புளி இருந்தால் கழன்று வந்துவிடும். உள்ளே பல்பு மாதிரி நிற்பவைதான் வால்வு. பல்பை ஹோல்டரில் மாட்டுகிற மாதிரி வால்வையும் சாக்கெட்டில் குத்தி வைத்திருப்பார்கள். ஒன்று போனால் அதை மட்டும் பிடுங்கிவிட்டு வேறு மாட்டலாம். மற்ற பாகங்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவில், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். எந்தப் பாகம் எங்கே போகிறது என்கிற படமும் மெக்கானிக்குக்குக் கிடைத்தது. சில பெட்டிகளில் அதை உள்ளேயே ஒட்டியிருந்தார்கள்.

அந்த ரேடியோ பழுதே ஆகவில்லை என்று நினைக்காதீர்கள். "எத்தனை தடவை ரிப்பேர் பண்ணீங்க?" என்று கேட்டோம். அந்த அம்மா விரல் விட்டு எண்ணினார். இரண்டு முறை வால்வு மாற்றியிருக்கிறார்கள். கண்டன்சர் எத்தனை முறை என்று நினைவில்லை. முள் நகர்த்தும் கயிறு அறுந்தபோது அவர் வீட்டுக்காரரே பட்டு நூலை முறுக்கிக் கட்டிவிட்டாராம்!

ஆகவே, அது கெட்டுப் போகாததால் உழைக்கவில்லை. கெட்டுப் போகும்போதெல்லாம் சரி செய்ய முடிந்ததால் உழைத்தது. இந்தப் பாடத்தில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

நெசவு வீட்டுப் பெண்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாவில் ஒரு இழை அறுந்தால் என்ன செய்வோம்? முடிச்சுப் போட்டு மேலே நெய்வோம். ஒரு இழைக்காகப் பாவு முழுவதையும் அறுத்துக் குப்பையில் போடுவோமா? நம் தறியே அப்படித்தான். அச்சு தேய்ந்தால் அச்சு, விழுது போனால் விழுது, நாடா உடைந்தால் நாடா. மிதி ஒடிந்தால் ஆசாரி வந்து செய்து தருவார். அதனால்தான் தாத்தா தறியில் பேத்தி நெய்ய முடிகிறது.

டேப் ரெக்கார்டரும் அப்படித்தான்

ரேடியோவுக்குப் பிறகு நம் வீடுகளுக்கு வந்தது டேப் ரெக்கார்டர். நாம் பார்த்த சின்ன கேசட்டை பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் கொண்டுவந்தது. நம் பக்கம் அது பரவலாக வர 1980-கள் ஆயிற்று. சிங்கப்பூர், துபாய் போனவர்கள் திரும்பி வரும்போது தோளில் "டூ இன் ஒன்" தொங்கிய காலம்.

அதில் என்ன பழுது வரும்? பாட்டு இழுத்து இழுத்துப் பாடினால் ரப்பர் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். குரல் மங்கினால் ஹெட்டில் அழுக்கு. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு நாமே துடைத்தோம். நாடா வெளியே வந்தால் பென்சிலை விட்டுச் சுற்றினோம். பத்து வயசுப் பிள்ளைக்கும் இந்த வைத்தியம் தெரியும்.

கல்யாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வரும் சவுண்ட் சர்வீஸ்காரரை விசாரித்துப் பாருங்கள். பெரிய ஆம்ப்ளிபயர், குழாய் ஸ்பீக்கர் எல்லாம் வருஷக்கணக்காக வெயிலிலும் மழையிலும் உழைக்கின்றன. குழாய் ஸ்பீக்கரில் சத்தம் போனால் பின்னால் இருக்கும் யூனிட்டையோ அதன் உள்ளே உள்ள டயாபிரத்தையோ மட்டும் மாற்றுவார். பிழைப்பே அதில்தான் என்பதால், சரி செய்ய முடியாத பொருளை அவர் வாங்க மாட்டார். நாமும் அப்படி யோசிக்க வேண்டும்.

இப்போது வருகிற பொருள் ஏன் சீக்கிரம் போகிறது?

நான்கு காரணங்களைப் பார்ப்போம்.

ஒன்று, பேட்டரி. பழைய டிரான்சிஸ்டரில் கட்டை தீர்ந்தால் பெட்டிக்கடையில் வேறு கட்டை வாங்கிப் போட்டோம். இப்போது போனிலும் புளூடூத் ஸ்பீக்கரிலும் இருப்பது லித்தியம் பேட்டரி. சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் அதன் சக்தி குறையும். இது அந்த பேட்டரியின் குணம். மாற்ற முடிந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் அதை உள்ளே பசை போட்டு ஒட்டி மூடிவிடுகிறார்கள். காதில் மாட்டும் சின்ன புளூடூத் இயர்போனில் பேட்டரி புளியங்கொட்டை அளவுதான். பெரும்பாலும் அதைத் திறந்தால் உடையும். பேட்டரியின் ஆயுசுதான் பொருளின் ஆயுசு என்றாகிவிடுகிறது.

இரண்டு, எல்லாம் ஒரே போர்டில் இருப்பது. முன்பு தனித்தனியாக இருந்த பாகங்கள் இப்போது நகக்கண் அளவு ஐசிக்குள் அடங்கிவிட்டன. இதனால் விலை குறைந்தது, எடை குறைந்தது. ஆனால் ஒரு மூலையில் பழுது வந்தால் "போர்டே மாத்தணும்" என்கிறார்கள். போர்டு விலையைக் கேட்டால் புதுசே வாங்கிவிடலாம் போல இருக்கும்.

மூன்று, மென்பொருள். போன் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் கம்பெனி புது அப்டேட் அனுப்புவதை நிறுத்திவிடும். கொஞ்ச நாளில் வங்கி ஆப், வாட்ஸ்அப் எல்லாம் "இந்த போனில் வேலை செய்யாது" என்று சொல்லிவிடும். உயிர் இருந்தும் உபயோகம் இல்லை.

நான்கு, வியாபாரம். பொருள் சீக்கிரம் போனால்தான் மறுபடி வாங்குவோம். இது புதுக்கதை அல்ல. 1924-ல் உலகின் பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி, பல்பு சுமார் 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டன. அதைவிட நிறைய நேரம் எரியும் பல்பு செய்த கம்பெனிக்கு அபராதம்! இன்னொரு பக்கம், அமெரிக்காவில் லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901-ல் போட்ட ஒரு பல்பு நூறு வருஷம் தாண்டியும் எரிகிறது.

பழசு எல்லாம் உசத்தியா?

இல்லை. இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, நாம் பார்ப்பது பிழைத்து நிற்கிற ரேடியோவை மட்டும்தான். அந்தக் காலத்தில் வாங்கி, கெட்டு, பழைய இரும்புக்காரருக்குப் போன ரேடியோக்கள் எத்தனையோ! அவற்றை யாரும் பலகையில் வைத்துக் காட்டுவதில்லை.

இரண்டாவது, அப்போது ரேடியோ என்பது வசதியுள்ளவர் பொருள். ஒரு வீட்டில் இருந்தால் தெருவே வந்து கேட்கும். அதை வைத்திருக்கத் தபால் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும். 1980-களில்தான் அந்த முறை போனது.

மூன்றாவது, மின்சாரம். வால்வு ரேடியோ ஒரு குண்டு பல்பு அளவு மின்சாரம் எடுக்கும். போட்டதும் பாடாது. வால்வு சூடேறும் வரை காத்திருக்க வேண்டும். கை அளவு டிரான்சிஸ்டருக்கு இரண்டு கட்டை போதும்.

நான்காவது, காலம் மாறினால் நல்ல பொருளும் பின்தங்கிவிடும். நாட்டின் முதல் எப்.எம். ஒலிபரப்பு 1977-ல் சென்னை வானொலியில் தொடங்கியது. ஆனால் அந்த மர்பி பெட்டியில் எப்.எம். எடுக்காது. மீடியம் வேவும் சார்ட் வேவும்தான்.

இன்றைய போன் செய்யும் வேலையை எந்தப் பழைய பெட்டியும் செய்யாது என்பதும் உண்மை. கடன் கேட்ட அந்த சகோதரி, நெய்த சேலையின் பார்டரையும் முந்தியையும் படம் எடுத்துக் கடைக்கு அனுப்பி ஆர்டர் பிடிக்கிறவர். மகளின் காலேஜ் பாடமும் அந்த போனில்தான் வருகிறது. அவருக்குப் போன் ஆடம்பரம் இல்லை, தொழில் கருவி. அதனால் "வாங்காதே" என்று சொல்ல நாங்கள் வரவில்லை. "பார்த்து வாங்கு" என்றுதான் சொல்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு பொருளின் விலை என்பது பில்லில் இருப்பது மட்டும் அல்ல. மாதத்துக்கு எவ்வளவு விழுகிறது என்பதுதான் உண்மையான விலை.

உதாரணத்துக்கு, 12,000 ரூபாய் போன். குழுவில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, 12 தவணை. முதல் மாதம் வட்டி 120, அடுத்த மாதம் 110 என்று குறைந்துகொண்டே வந்து மொத்த வட்டி 780 ரூபாய். ஆக, போனின் விலை 12,780 ரூபாய்.

- ஒரு வருஷத்தில் போனால்: மாதம் 1,065 ரூபாய்.
- மூன்று வருஷம் உழைத்தால்: மாதம் 355 ரூபாய்.
- மூன்றாம் வருஷம் 1,200 ரூபாயில் பேட்டரி மாற்றி, ஐந்து வருஷம் ஓட்டினால்: மொத்தம் 13,980 ரூபாய். மாதம் 233 ரூபாய்.

ஒரே போன்தான். 1,065 எங்கே, 233 எங்கே! அந்த வித்தியாசம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், நம் சேமிப்பு. கடைக்காரர் "மாதத் தவணை இவ்வளவுதான்" என்று சொல்லும்போது, "எத்தனை மாதம் உழைக்கும்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. இதைத் திறக்க முடியுமா? திருகாணி இருக்கிறதா, பசை போட்டு மூடியிருக்கிறதா?
2. பேட்டரியும், போனாக இருந்தால் திரையும், மாற்ற எவ்வளவு ஆகும்? புதுப் பொருளின் விலையில் பாதிக்கு மேல் என்றால் யோசியுங்கள்.
3. சர்வீஸ் சென்டர் காஞ்சிபுரத்தில் இருக்கிறதா, சென்னைக்கு அலைய வேண்டுமா? ஒரு நாள் கூலி போனால் அதுவும் செலவுதான்.
4. வாரண்டி எத்தனை மாதம்? பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனியாக எவ்வளவு? போனுக்கு அப்டேட் எத்தனை வருஷம் வரும்?
5. கடன் எத்தனை மாதத்தில் முடியும்? வாரண்டி முடிவதற்குள் கடன் முடிய வேண்டும்.

பில் கண்டிப்பாக வாங்குங்கள். பில் இல்லாமல் 200 ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றால் ஏமாறாதீர்கள். வாரண்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் இருக்க வேண்டும்.

வாங்கிய பிறகு

- போனைத் தலையணைக்கு அடியில் வைத்து ராத்திரி முழுக்க சார்ஜ் போட வேண்டாம். சூடுதான் பேட்டரிக்கு எமன். வெயிலிலும் அடுப்பு பக்கத்திலும் வைக்க வேண்டாம்.
- முழுசாகத் தீர்ந்து அணையும் வரை விட வேண்டாம். இருபது சதவீதத்துக்கு வந்ததும் போட்டு, எண்பது தொண்ணூறில் எடுத்தால் பேட்டரி நாள்பட வரும்.
- நெசவு வீட்டில் பஞ்சும் தூசியும் அதிகம். சார்ஜர் குத்தும் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். சார்ஜ் ஏறவில்லை என்றால் போனே போய்விட்டது என்று முடிவு கட்டாமல், முதலில் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து பாருங்கள்.
- பேட்டரி உப்பினால் உடனே உபயோகத்தை நிறுத்துங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.
- பழைய வால்வு ரேடியோ வீட்டில் இருந்தால் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் கரண்ட் நிற்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.
- கெட்டுப்போன பொருளைத் தெருவில் எரிக்க வேண்டாம். அந்தப் புகையில் விஷம் இருக்கிறது. மின்னணுக் கழிவைச் சேகரிக்கும் இடத்தில் சேர்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய விதிகளின்படி, மறுசுழற்சிக்குத் தயாரிப்பாளர்தான் பொறுப்பு.

நமக்குச் சட்டம் இருக்கிறது

சரி செய்து பயன்படுத்துவது நம் உரிமை என்று உலகம் முழுவதும் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி வந்திருக்கிறது. புதிதாக விற்பனைக்கு வரும் போன் மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 வருஷம் முக்கியமான உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும். 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் பேட்டரியில் 80 சதவீத சக்தி நிற்க வேண்டும். நம் நாட்டிலும் மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022-ல் இதற்கு ஒரு குழு அமைத்தது. அதே வருஷம் டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளமும் தொடங்கியது.

வாரண்டிக்குள் பழுதாகி, கடைக்காரர் அலைய விட்டால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பில் மட்டும் கையில் இருக்க வேண்டும்.

அந்தக் குழு என்ன முடிவு எடுத்தது?

நின்றுபோன போனைக் கடையில் காட்டினார்கள். போர்டு போய்விட்டது. சரி செய்யக் கேட்ட தொகை புதுப் போன் விலையில் முக்கால்வாசி. அதனால் சரி செய்யவில்லை. அந்த சகோதரிக்குப் புதுக் கடன் கொடுத்தார்கள். ஆனால் பன்னிரண்டாயிரம் இல்லை, எட்டாயிரம். பழைய மூன்று தவணையும் இதோடு சேர்த்துக் கட்ட வேண்டும். "எனக்கு எட்டாயிரம் போதும். படம் தெளிவா விழுந்தா சரி" என்று அவரே சொன்னார். எந்தப் போன் வாங்குவது என்பதை அந்த ஐந்து கேள்விகளையும் கேட்ட பிறகுதான் முடிவு செய்தார்.

தீர்மானப் புத்தகத்தில் இப்படி எழுதினார்கள்: "மின்சாதனப் பொருளுக்குக் கொடுக்கும் உள்கடன் பத்துத் தவணைக்கு மேல் போகக்கூடாது. வாங்கிய பில்லையும் வாரண்டி அட்டையையும் அடுத்த கூட்டத்தில் காட்ட வேண்டும்." எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ரேடியோ வீட்டு அம்மாதான் முதல் கையெழுத்து.

உங்கள் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் மின்சாதனப் பொருளுக்கு எடுத்த கடன்கள் எத்தனை? அந்தப் பொருள்களில் இன்று ஓடுபவை எத்தனை?
2. உங்கள் வீட்டில் அதிக வருஷம் உழைத்த பொருள் எது? அதை எத்தனை முறை சரி செய்தீர்கள்?
3. நம் பகுதியில் நம்பிக்கையான மெக்கானிக் யார் யார்? பெயரையும் நம்பரையும் குழு நோட்டில் எழுதி வைக்கலாமா?
4. நம் பிள்ளைகளில் யாருக்காவது பழுது பார்க்கும் தொழிலில் ஆர்வம் இருக்கிறதா? பயிற்சிக்கு அனுப்ப நம் கூட்டமைப்பு என்ன செய்யலாம்?

நீங்கள் பேசியதை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பகிர்ந்துகொள்வோம்.